கொற்கையில் கடல் இல்லை

இப்போது வரும் செல்போன்களில் எங்கள் விளையாட்டு திறப்பதே இல்லை. நண்பன் பெங்களூரில் இருக்கிறான், நான் பாளையங்கோட்டையில். மேலப்பாளையத்தில் அவன் வீட்டு மாடியில் உட்கார்ந்து அதைச் செய்த நாட்களுக்காக இன்றும் ஏங்குகிறேன். அவன் வரைந்தான், கதையும் கணினி வேலையும் என் பாடு. பாபநாசத்தில் படகை எடுத்து, ஆற்றில் படர்ந்து கிடக்கும் அமலைச்செடியில் சிக்காமல் தாமிரபரணியோடு கொற்கை வரை போக வேண்டும். அவன் உம்மாதான் எங்கள் முதல் ரசிகை. மத்தியானச் சமையலை முடித்ததும் செல்போனும் கையுமாக உட்கார்ந்துவிடுவார்.

முடிவு மட்டும் என் பிடிவாதம். பாண்டியர் துறைமுகம் என்று ஆசையாக வந்து சேர்ந்தால், அங்கே வாழைத் தோட்டமும் குளமும்தான் இருக்கும். கடல் பின்வாங்கி எத்தனையோ காலமாயிற்று, உள்ளதைத்தானே காட்டுகிறோம் என்று எனக்குப் பெருமை வேறு. வெளியிட்டதும், விளையாடியவர்கள் காய்ச்சி எடுத்துவிட்டார்கள். “கொற்கைன்னா துறைமுகம்லா, கடல எங்கன வே ஒளிச்சு வச்சிருக்கீரு?” என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரு கடலைப் போட்டுத் தொலைப்போமே என்று நண்பனும் சொன்னான்.

“ஊருக்குப் பயந்து கதைய மாத்தச் சொல்லுதியாலே?” என்று கத்தினேன். கொஞ்ச நாள் பேச்சுவார்த்தை இல்லை.

கடைசியில் ஒரு வழி கண்டோம். படகைவிட்டு இறங்கிக் கிழக்கே நடக்கலாம். பொறுமையாக நடந்தால் கடல் வரும். படகு விளையாட்டில் நடக்க விடுகிறான்களே என்று அதற்கும் திட்டு விழுந்தது. உம்மா மட்டும் சலிக்காமல் நடந்தார்.

“கடலு வந்துட்டு,” என்றார். “கரையில ஒருத்தரையும் காணமேலே?”

நண்பனின் வாப்பா துபாயில் வேலையாக இருந்தார். வருவார், லீவு முடிந்ததும் போய்விடுவார். அடுத்த பெருநாளோடு ஊரில் தங்கிவிடுவதாக ஒவ்வொரு பெருநாளுக்கும் சொல்வார்.

உம்மாவின் செல்போனுக்கு மட்டும், கடற்கரையில் பயணப் பெட்டியோடு நிற்கும் வாப்பாவை நண்பன் வரைந்தான். ஊரே கேட்டும் லேசில் அசையாத நான் மறுபேச்சில்லாமல் அதைச் சேர்த்துக் கொடுத்தேன். உம்மா மறுபடியும் பாபநாசத்தில் தொடங்கினார். கரைக்கு வந்ததும் சிரித்தார். பிறகு செல்போனை மகனிடம் நீட்டினார்.

“அந்தப் பெட்டிய அழிச்சிருலே. கையில பெட்டி இருந்தா திரும்பப் போயிருவாக.”