புழுக்காரி வளர்த்த கோழிகள்

அந்தத் தெருவில் அவளுக்குப் புழுக்காரி என்று பெயர். அந்தப் பெயரைச் சூட்டியவள் வேறு யாருமில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனின் மனைவி.

கணவன் கண்ணை மூடிய பிறகு கொழுந்தன், வீட்டின் நடுவே சுவர் எழுப்பினான். காற்றோட்டமான முன்கட்டு அவர்களுக்கு. வெளிச்சம் எட்டாத ஓர் அறையும் கொல்லையில் பாதியும் இவளுக்கு. இவள் அந்தக் கொல்லையில் கறிக்கோழி வளர்த்தாள்.

முதலில் மக்காச்சோளமும் தவிடும்தான் போட்டாள். கோழிகளுக்கு வயிற்றில் கொழுப்பு சேர்ந்ததே தவிர நெஞ்சில் சதை பிடிக்கவில்லை. போதாக்குறைக்கு, ஒன்றின் இறகை ஒன்று பிடுங்கித் தின்றது. புரதம் பற்றாத கோழி அப்படித்தான் கொத்தும் என்றார் தீவனக் கடைக்காரர். வயிறு நிறைந்திருந்தும் கூடப்பிறந்தவன் குடும்பத்தைக் கொத்துகிறவர்களுக்கு என்ன பற்றவில்லையோ என்று நினைத்தபடி வீடு திரும்பினாள்.

அதன்பின் தீவனத்தில் சோயாப் புண்ணாக்கு சேர்ந்தது. குஞ்சுகளுக்குக் கருவாட்டை இடித்த தூள். எல்லாவற்றுக்கும் மேலாகப் புழு. காய்கறித் தோலும் பழத்தோலும் போட்ட தொட்டியில் கருப்பு ஈக்கள் முட்டையிட, அதில் கொழுகொழுவென்று வளர்ந்த புழுக்கள். தட்டில் கொட்டினால் கோழிகள் பறந்து வந்து விழும். மார்பு அகன்று, கால் திரண்டு, அவள் கோழிகள் கம்பீரமாக நடந்தன. கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை நடத்தியவர் அவளிடமே கோழி எடுத்தார். அவள் அடுப்பு எரிந்தது அந்த ஒருவரால்தான்.

ஓரகத்திக்கு அது பொறுக்குமா? கடையில் கூட்டம் நிறைந்திருந்த நேரம் பார்த்துப் போய் நின்றாள்.

"அண்ணே, எங்க அக்கா கோழியையா சமைக்கிறீங்க? செத்த எலியில நெளியிற புழுவைத்தானே அதுங்க தின்னுது! என் கண்ணால பாத்தேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். அவ்வளவுதான்.

"தப்பா நெனைக்காத தங்கச்சி," என்று மறுநாள் கடைக்காரர் இவள் வாசலில் நின்றே சொன்னார். "உன் கோழியில குறை இல்ல. ஆனா ஊர் வாயை நான் எப்படி மூட?"

சில நாட்களில் ஓரகத்தியின் கொல்லையிலும் குஞ்சுகள் கத்தின. கடைக்காரர் இனி அங்கேதான் எடுப்பாராம்! அன்று இவள் தீவன மூட்டையில் முகம் புதைத்து, சாக்கு நனைய நனைய அழுதாள். அழுதது அன்றோடு சரி. அடுத்த குஞ்சுகளை வாங்கி வந்தாள்.

தீவனம் கலக்கும்போதுதான் கவனித்தாள். சுவரில் செங்கல் பெயர்ந்த ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. ஓரகத்தி தொழில் படிக்கிறாள்!

இவளுக்கு ஒன்று தெரியும். கருவாட்டுத்தூள் குஞ்சுக்கு அமிர்தம். ஆனால் கறிக்குப் போகிற கோழிக்குக் கடைசி இரண்டு வாரம் அதைக் காட்டவே கூடாது. காட்டினால் கறியிலேயே மீன் வாடை ஏறிவிடும். ஒருமுறை தன் கோழியைத் தானே சமைத்து, ஒரு வாய்கூட இறங்காமல் கற்றுக்கொண்ட பாடம் அது.

உரலை ஓட்டைக்கு நேராக நகர்த்தினாள். புழுத் தொட்டியும், விற்காமல் நின்ற வளர்ந்த கோழிகளும் கொட்டகைக்குப் பின்னால் மறைந்தன.

"தின்னுங்கடி ராசாத்திங்களா," என்று குஞ்சுகளைக் கொஞ்சியபடி கருவாட்டை இடித்தாள். "இதைத் தின்னாத்தானே எடை ஏறும்!"

விரைவிலேயே அந்தப் பக்கமும் உலக்கைச் சத்தம் கேட்டது. கொழுந்தனின் குரலும் கேட்டது.

"என்னடி இது, வீடே கருவாட்டுக் கிடங்கு மாதிரி நாறுது? இன்னும் எத்தனை நாளைக்கு?"

"கோழியைப் பிடிச்சுக் குடுக்கிற அன்னிக்கு வரைக்கும். அவ ஒரு கை போட்டா நான் ரெண்டு கை போடுவேன். மூக்கைப் பொத்திக்கிட்டுப் படுங்க!"

இந்தப் பக்கம் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு.

ஓரகத்தியின் கோழிகள் கடைக்குப் போன மறுநாள் முன்கட்டில் இடி இடித்தது.

"கோழி சூப்பா மீன் சூப்பான்னு கேட்டு ஒவ்வொருத்தனா எழுந்து போறாம்மா! அண்டாவோட சாக்கடையில கொட்டிட்டு வர்றேன்!"

கத்தி முடித்த கடைக்காரர் இவள் வாசலுக்கு வந்தார். "தங்கச்சி, இருக்கிற கோழியைப் பிடிச்சுக் குடும்மா. என் மானம் போகுது."

"என் கோழி செத்த எலிப் புழு தின்னுதாமே அண்ணே?"

அவர் தலை குனிந்தார்.

"சொன்ன வாயைக் கூட்டிட்டு வாங்க. அப்புறம் கோழி தர்றேன்."

ஓரகத்தி வந்தாள், அழுது வீங்கிய முகத்தோடு. பின்னாலேயே அக்கம்பக்கமும் வந்தது.

"அக்கா, நான் சொன்னது பொய். மன்னிச்சுடுங்க."

"பொய்னு எனக்குத் தெரியும்டி. இவங்களுக்கு எல்லாம் தெரிய வேணாமா? தொட்டிக்குள்ள கையை விடு. எலி கிடைச்சா எடுத்து வெளியே போடு."

"அக்கா... வேண்டாங்க்கா..."

"விடு!"

முழங்கை வரை கை உள்ளே போனது. வெளியே வந்தபோது அதில் கேரட் தோல், வாழைப்பழத் தோல், நெளியும் புழுக்கள். வேறொன்றுமில்லை. அதற்குள் ஒரு கோழி பாய்ந்து வந்து புழுவோடு அவள் விரலையும் சேர்த்துக் கொத்தியது. கூட்டம் கொல்லென்று சிரித்தது. கடைக்காரர் தன் கையாலேயே கோழிகளைப் பிடித்துக் கூடையில் போட்டார்.

கூட்டம் கலைந்த பிறகும் ஓரகத்தி நின்றாள். "தெரிஞ்சேதானே அக்கா உரலை அங்க போட்டீங்க?"

"என் குஞ்சுக்கு நான் தீனி இடிச்சேன். உன்னை யாருடி பாக்கச் சொன்னது?"

சாயங்காலம் கொழுந்தன் சிமெண்ட் குழைத்துக்கொண்டு வந்து ஓட்டையருகே நின்றான். "அடைச்சிடுறேன் அண்ணி."

"வேண்டாம் தம்பி. அது அப்படியே இருக்கட்டும்."

மறுநாள் காலை புழுத் தொட்டியைத் தரதரவென்று இழுத்து வந்து, ஓட்டைக்கு நேர் எதிரே வைத்தாள். ஒரு கை புழுவை அள்ளித் தட்டில் போட்டாள். பிறகு சுவரைப் பார்த்து, நன்றாகக் கேட்கும்படி சொன்னாள்.

"புழுக்காரி தீனி போடுறாடி. வந்து பாரு!"