எங்கள் கேட்டில் முட்டும் வாறுகால்

எங்கள் தெருவில் டவுன் எங்கே முடிகிறது, பஞ்சாயத்து எங்கே தொடங்குகிறது என்று தெரிந்துகொள்ளப் பலகை வேண்டாம். பிளீச்சிங் பவுடரைப் பார்த்தால் போதும். டவுன் ஆட்கள் தெருவோரமாக வெள்ளைக் கோடு போட்டுக்கொண்டே வந்து, எங்கள் கேட்டுக்கு முன்னால் கையை உதறிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். குப்பை வண்டிகளும் அப்படித்தான். டவுன் வண்டி தள்ளுகிறவர் அந்தப் பக்கமிருந்து வருவார், பஞ்சாயத்து வண்டி தள்ளுகிற அக்கா இந்தப் பக்கமிருந்து வருவார். எங்கள் கேட்டில் இரண்டு வண்டியும் முகம் பார்த்துவிட்டுத் திரும்பும்.

டவுன் பக்கம் வீடுகள் பெருகப் பெருக, அந்த வீடுகளின் கழிவுத் தண்ணீரெல்லாம் எங்கள் வாசலில் வந்து தேங்க ஆரம்பித்தது. அதைக் கொண்டுபோகத் தெருவோரச் சாக்கடை, எங்கள் ஊர்ப் பேச்சில் வாறுகால், கிடையாது. மற்ற வீட்டுக்காரர்களுக்கு அது நாற்றம், கொசு. எங்களுக்கு அது என் வீட்டுக்காரரின் கால். ராஜபாளையத்து மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை. இடது கால் கட்டைவிரலில் ஆறாத புண். ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். “அழுக்குத் தண்ணி மட்டும் பட்டுறக் கூடாதும்மா. பட்டா விரலை எடுக்க வேண்டி வந்துரும்” என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார்.

எனக்குக் கையெழுத்து அழகாக இருக்கும். அதுதான் வினை. மனு எழுதினேன்.

டவுன் ஆபீசில், “உங்க வாசலோட எங்க எல்லை முடிஞ்சிருதும்மா” என்றார்கள். பஞ்சாயத்தில், “டவுன் தண்ணிக்கு நாங்க எதுக்கும்மா வாறுகால் கட்டணும்?” என்றார்கள். இரண்டு ஆபீசுக்கும் பஸ்ஸில் அலைந்து செருப்புத்தான் தேய்ந்தது. கடைசியில் ஒரே மனுவை இரண்டாக எழுதி, ‘தயவுசெய்து இரண்டு அலுவலகமும் பேசி ஒன்றாகச் செய்யவும்’ என்று அடிக்கோடு போட்டுக் கொடுத்தேன்.

பேசினார்கள்! அவரவர் பக்கத்தை அவரவர் கட்டுவது, எங்கள் கேட்டில் இரண்டையும் சேர்ப்பது என்று முடிவானது. வேலை நடந்த நாளெல்லாம் இரண்டு பக்கத்து ஆட்களுக்கும் நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன். என்னால்தான் வந்தது என்று தெரு முழுக்கப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

சிமெண்ட் காய்ந்து தண்ணீர் விட்ட நாலாம் நாள், வாசலில் முன்னைவிட அதிகமாகத் தண்ணீர் நின்றது. என் வீட்டுக்காரர் கேட்டுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“ஏட்டி, ஒரு கடலைத் தோலை அந்தப் பக்கம் போடு. இன்னொண்ணை இந்தப் பக்கம் போடு.”

போட்டேன். டவுன் பக்கத்துத் தோல் எங்கள் கேட்டை நோக்கி மிதந்து வந்தது. பஞ்சாயத்துப் பக்கத்துத் தோலும் எங்கள் கேட்டை நோக்கியே மிதந்து வந்தது. இரண்டும் என் காலடியில் வந்து முட்டி நின்றன.

“ரெண்டு பேரும் வாட்டத்தை நம்மளப் பாத்தே வச்சிருக்கானுவ” என்றார்.

பஞ்சாயத்துக் கண்மாய்க்குப் போய்விடும் என்று டவுன்காரர்கள் இப்படிச் சாய்த்திருக்கிறார்கள். டவுனில்தான் பெரிய ஓடை இருக்கிறதே, அதில் சேர்ந்துவிடும் என்று பஞ்சாயத்துக்காரர்கள் அப்படிச் சாய்த்திருக்கிறார்கள். முன்பு ஒரு ஊர்த் தண்ணீர் நின்றது. என் அடிக்கோட்டின் புண்ணியத்தில் இப்போது இரண்டு ஊர்த் தண்ணீர். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

திரும்ப மனு. இந்தத் தடவை இரண்டு இன்ஜினியர்களும் ஒரே நேரத்தில் வந்தார்கள். கடலைத் தோல் போட்டுக் காட்டினேன். ஒருவர் எஸ்டிமேட்டை விரித்து, “எங்க பக்கம் சரியாத்தாம்மா இருக்கு” என்றார். மற்றவரும் தன் தாளை விரித்து அதையே சொன்னார். இரண்டு தாளும் சரிதான். தப்பாக இருந்தது எங்கள் வீடு மட்டும்தான் போலிருக்கிறது. “வாசலை ஒரு ரெண்டடி ஏத்திக்கோங்களேன்” என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே கருத்து. எனக்கு வந்த கோபத்தில் கையில் இருந்த கடலைத் தோலை முழுக்க வாறுகாலில் கொட்டினேன். அதற்குமேல் என்னால் என்ன செய்ய முடிந்தது?

கேட்டிலிருந்து தெருவுக்கு ஒரு பலகை போட்டேன். கட்டு மாற்றப் போகிற ஒரு நாள், அந்தப் பலகையில் அவருக்குக் கால் வழுக்கியது. விழவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டார். ஆனால் இடது கால், கட்டோடு, கணுக்கால் வரைக்கும் உள்ளே போய்விட்டது. “ஒண்ணுமில்லட்டி, ஒண்ணுமில்ல” என்றார். பத்தாம் நாள் கட்டைவிரலை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது ஆட்டோக்காரர் தண்ணீரைப் பார்த்து நிறுத்திவிட்டார். காலை நேரம். டவுன் வண்டிக்காரரும் பஞ்சாயத்து அக்காவும் வழக்கம்போல எங்கள் கேட்டில் திரும்பப் போனார்கள். கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும் அந்த அக்கா வண்டியை விட்டுவிட்டு, “அண்ணே, அந்தப் பக்கம் பிடிங்க” என்று டவுன்காரரைக் கூப்பிட்டார். உள்ளேயிருந்து நாற்காலியை எடுத்து வந்து என் வீட்டுக்காரரை உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினார்கள். அவர் காலை நீட்டி உயரப் பிடித்துக்கொண்டார். ஒரு சொட்டு படவில்லை.

அவர்கள் காலைக் கழுவ நான் வாளியில் தண்ணீர் கொண்டு வந்து வைத்தேன். நன்றி சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை, அழுகையும் ஆத்திரமும்தான் வந்தது. இரண்டு பக்கமும் ஒன்றாகப் பிடிப்பதற்கு, ஆகமொத்தம் இரண்டு நிமிஷம்தான் ஆகியிருந்தது.