தழும்பு பிடிக்காத கை

என் அத்தையின் முகத்தில் அம்மைத் தழும்பு இல்லாத இடம் என்று பார்த்தால் கண்கள் மட்டும்தான். அவர் அப்பாவின் தங்கை. ஊரில் ஏழு வயதில் அம்மை கண்டதாம். அந்த வீட்டில் படுத்த மூன்று பேரில் அவர் ஒருவர்தான் எழுந்தாராம். அப்பா அந்தச் சமயம் வேறு ஊரில் மாமன் வீட்டில் இருந்ததால் தப்பிவிட்டார்.

பிறகு அண்ணனும் தங்கையும் மலாயாவுக்குக் கப்பலேற வந்தபோது, முதலில் தங்க வைத்த காம்ப்பில் எல்லோருக்கும் அம்மை குத்தினார்கள். அப்பாவின் இடது கையில் நான்கு கீறல். அத்தையின் முகத்தைப் பார்த்த டாக்டர், இந்தப் பெண்ணுக்கு வேண்டாம் என்று கையை அசைத்து அனுப்பிவிட்டாராம். "எனக்குக் கையில கீறி விட்டான். இவளுக்கு மூஞ்சியே பாஸு" என்று அப்பா அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். அத்தையும் கூடச் சிரிப்பார். அவரைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை. எங்களோடேயே இருந்தார். நான் சின்னப் பிள்ளையில் இருட்டில் அவர் முகம் கிட்டே வந்தால் அழுவேனாம். அதனால் என்னைத் தூக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்குவாராம். இதை அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ரிங்லெட்டுக்கு மேலே இருந்தது. ஜப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை போய்விட்டார். ஃபேக்டரி நின்றுபோனது. ஒரு பகுதித் தேயிலைச் செடியைப் பிடுங்கிவிட்டு மரவள்ளி நட்டோம். மரவள்ளியையாவது அவித்துத் தின்னலாம், உப்புக்கு என்ன செய்வது? மலையிலிருந்து அடிவாரத்துத் தாப்பா வரைக்கும் நடந்தே இறங்கி, எதையாவது கொடுத்து மாற்றி வர வேண்டும். அப்படி இறங்கிப் போன பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் உப்போடு அம்மையையும் கொண்டுவந்தார். காய்ச்சலில் கண்கள் சிவந்திருக்க, லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைகளின் உள்ளங்கையில் ஆளுக்கு ஒரு சிட்டிகை உப்பு வைத்தார். நான் அதை நாக்கு நுனியால் தொட்டுத் தொட்டு அன்று முழுக்க வைத்திருந்தேன்.

அம்மை என்று தெரிந்தால் ஜப்பான்காரன் லயத்தையே கொளுத்திவிடுவான் என்று பேச்சு. ஆகவே தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியும், ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரசரும் கலந்து பேசி, ஃபேக்டரியில் முன்பு கொழுந்து உலர்த்திய மாடியில் நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள். மருந்து கிடையாது. வேப்பிலைக்கு அந்தக் குளிர் மலையில் எங்கே போவது? மற்றவர்கள் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டார்கள். நாங்கள் வேதக்காரர்கள், செபஸ்தியார் படத்துக்கு முன்னால் மண்டியிட்டோம். படுத்தவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று டிரசர் கேட்டபோது எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அத்தை தன் பாயைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார். ஒரு முறை வந்து எழுந்தவளுக்கு மறுபடி வராது என்று அவரே சொல்லிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து எனக்குக் காய்ச்சல் வந்தது. கைக்குழந்தையோடு இருந்த அம்மாவை என் கிட்டேயே வரக்கூடாது என்று டிரசர் சொல்லிவிட்டார். அப்பா என்னை முதுகில் தூக்கிக்கொண்டார். அவருடைய தழும்பு பழையது, காலம் போகப் போக அதன் பலம் குறையும், வேறு ஆள் தூக்கட்டும் என்று டிரசர் தடுத்தார்.

"அவளுக்கு வந்ததும் அம்மை, எனக்குக் குத்துனதும் அம்மைதானே? அவளுக்கு வராதுன்னா எனக்கு மட்டும் எப்படி வரும்?" என்றார் அப்பா. பதிலுக்குக் காத்திராமல் நடந்தார்.

மாடியில் இருந்த நாட்கள் எனக்கு வரிசையாக நினைவில் இல்லை. உடம்பு முழுக்க முத்து. நாக்கிலும் முத்து. சொறியாமலிருக்க என் கைகளில் துணி சுற்றிக் கட்டியிருந்தார்கள். கண் இமைகள் ஒட்டிக்கொள்ளும். பார்வை போய்விடக் கூடாதென்று அத்தை தேயிலை கொதிக்க வைத்த தண்ணீரை ஆறவைத்து, பழந்துணியில் நனைத்து, ஒவ்வொரு காலையும் இமைகளைப் பிரிப்பார். பிரிந்ததும் முதலில் தெரிவது அந்த முகம்தான். இப்போது அவர் அதைத் திருப்பிக்கொள்வதில்லை. ஒரு நாள் கண் திறந்தபோது, எனக்கு அடுத்துப் படுத்திருந்த பெண் பிள்ளையின் பாயைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன். வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார் அத்தை. எனக்குப் பொறாமையாக இருந்தது. உப்பு கொடுத்தவரும் அதற்கு முன்பே அப்படி வீட்டுக்குப் போயிருந்தார்.

முத்துக்கள் காய்ந்து பொருக்குக் கட்டத் தொடங்கிய சமயம், அப்பா சாக்கைப் போர்த்திக்கொண்டு தானே நடந்து படியேறி வந்தார். அத்தை அவரைப் பார்த்த மாத்திரத்தில் கையிலிருந்த கஞ்சிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். நான்கு நாள் அண்ணனின் தலைமாட்டை விட்டு நகரவில்லை. ஆனால் அப்பாவுக்கு முத்து பத்துப் பன்னிரண்டுக்கு மேல் வரவில்லை. வந்ததும் சீக்கிரமே வாடிவிட்டது. ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்து பீடிக்கு ஏங்கினார். "என்னடா, உனக்கு மட்டும் முழுத் தோட்டத்துக்கும் நட்டுட்டு, எனக்கு நாலு கன்னு மிச்சம் வச்சிருக்க?" என்று என்னைக் கேலி செய்தார்.

டிரசர் அன்று அப்பாவின் கையைப் பிடித்து அந்த நான்கு கீறல்களையும் வெகுநேரம் பார்த்தார். குத்தியது பழசானாலும் உடம்பு அடியோடு மறக்கவில்லை, வந்ததைத் தடுக்க முடியாமல் போனாலும் அடக்கிப்போட்டுவிட்டது என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, என் கையிலிருந்த துணியை அவிழ்த்தார். சண்டை வருவதற்கு முந்தின வருடம் லயத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் அவர்தான் குத்தியிருந்தார். என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இவனுக்கும் போட்டேனே. தழும்பு எங்க?"

 அவிழ்த்த துணியை அத்தை எடுத்து மடித்தார்.

"நான்தான் தொடச்சேன்" என்றார் அத்தை.

எனக்கு அது நினைவிருந்தது. அன்று டிரசர் அடுத்த பிள்ளையிடம் போனதும், அத்தை என்னைத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் கூட்டிப்போய், கீறின இடத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்துக் கழுவி, சாம்பலும் சுண்ணாம்பும் வைத்துத் தேய்த்தார். லயத்துப் பெண்கள் பலர் அப்படிச் செய்வதுண்டு. யாரிடமும் சொல்லாதே என்று வாயில் ஒரு துண்டு வெல்லம் வைத்தார். மற்ற பிள்ளைகள் பலர் கை வீங்கிக் காய்ச்சலில் அழுதபோது நான் ஓடி விளையாடினேன். அதற்காக அத்தையின் மேல் எனக்குப் பிரியம் கூடியிருந்தது.

"கொஞ்சமா போட்டாலும் அம்மைதானேண்ணே. நான் பட்டத இவன் படக்கூடாதுன்னு நெனச்சிட்டேன்" என்றார் அத்தை, அப்பாவைப் பார்த்து. டிரசர் மாடியை விட்டு இறங்கிப் போனார். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் காலையில்தான் வாய் திறந்தார். அதுவும், பையனுக்குக் கஞ்சி கொடுத்தாயா என்பதுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. முகமே பாஸ் என்ற வேடிக்கையையும் அப்பா விட்டுவிட்டார்.

நான் பிழைத்தேன். கண்ணும் தப்பியது. முகம் அத்தையின் முகம் ஆயிற்று. அம்மா பெற்ற பிள்ளையா அத்தை பெற்ற பிள்ளையா என்று லயத்தில் கேட்பார்கள்.

ஜப்பான்காரன் போன பிறகு, அம்மை குத்தப் புது மருந்து மலையேறி வந்தது. தோட்டத்துப் பிள்ளைகள் எல்லோரையும் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிறுத்தினார்கள். அத்தை அன்று வேலைக்குப் போகவில்லை. கீறல் போட்டுக்கொண்ட குழந்தையோடு எந்தப் பெண் ஒதுங்கினாலும் பின்னாலேயே போய் நின்றார். "தொடச்சீங்க, கைய ஒடிச்சிருவேன்" என்று அவர் சொன்னதை நான் கேட்டேன். பெரிய குரலில் பேசாதவர் என் அத்தை. காயும்வரை சில குழந்தைகளின் கையைத் தானே பிடித்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் என்னை இழுத்துவந்து டிரசர் முன்னால் நிறுத்தினார்.

"இவனுக்கு எதுக்குக்கா? இவன் உடம்புக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றார் டிரசர்.

"போடுங்க."

"வந்துட்டுப் போனதவிட பெரிசா நான் என்னத்தப் போடப் போறேன்? வீணாப்போவுதுலா."

அத்தை என் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். டிரசர் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு போட்டுவிட்டார். எனக்கு வலித்ததைவிட ஆத்திரம்தான் அதிகம். அம்மை இரண்டு முறை வராது என்று ஊருக்கே சொன்னவர் இவர், இதை எப்படி மறந்தார் என்று இருந்தது.

மற்ற பிள்ளைகளுக்கு நாலைந்து நாளில் கொப்புளம் கிளம்பிச் சீழ் வைத்தது. எனக்கு அந்த இடம் மறுநாள் லேசாகச் சிவந்தது. மூன்றாம் நாள் சிவப்பும் போய்விட்டது. அத்தை தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் என்னை வாசல் வெளிச்சத்துக்குக் கூட்டிவந்து கையைப் பார்ப்பார். இரண்டு வாரம் பார்த்தார். எல்லாப் பிள்ளைகள் கையிலும் பொருக்கு உதிர்ந்து வட்டமாகத் தழும்பு தெரிந்தது. என் கை மட்டும் பழையபடியே இருந்தது.

"பாத்தீங்களா அத்தே, எனக்கு ஒண்ணுமே ஆவல" என்றேன் பெருமையாக.

அன்று தான் முந்தானையால் துடைத்த அந்த இடத்தை அவர் கட்டைவிரலால் ஒரு முறை தடவிப் பார்த்தார். சட்டைக் கையை இறக்கிவிட்டார். பிறகு முதுகில் கூடையை மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார். என் ஒருவனுக்காக மருந்து வீணாய்ப் போனதே என்றுதான் அத்தை அழுதுகொண்டு போகிறார் என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.