கேஜுக்கு வைத்த பொட்டு

விமானத் தொழிலில் இருப்பவர்கள் எல்லாரும் விமானத்தில் ஏறியவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். நான் இதுவரை ஏறியதில் உயரமானது எங்கள் ஊர் வைக்கோல் லாரி.

தஞ்சாவூருக்குக் கிழக்கே, வாய்க்காலை ஒட்டி, குறுவையும் சம்பாவும் விளைந்த நிலத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே நாலு லேத்து, ஒரு ஏ.சி. அறை. அந்த ஏ.சி. எனக்கல்ல, அளக்கிற கருவிகளுக்கு. விமானம் மேலே போனதும் சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு கதவு மூடுகிறதல்லவா, அந்தக் கதவின் கீலில் நுழைகிற மோதிர அளவு எஃகு வளையத்தைத்தான் நாங்கள் செய்கிறோம். அதற்குப் பெயர் புஷ். ஒவ்வொன்றையும் அளந்து, சரியாக இருந்தால் சீட்டில் என் முத்திரையைக் குத்துவது என் வேலை. கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய், ‘சரியாத்தான் பார்த்தோமா’ என்று சோற்றைப் பிசைந்துகொண்டே யோசிக்கிற என் இனத்தாரே, இது உங்களுக்காக.

ஜன்னல் ஓரம்

நான் வளையம் அளக்கிறேன் என்று மாமியாரிடம் நாலு தடவை விளக்கியிருக்கிறேன். அவர் தெருவில் சொல்லி வைத்திருப்பது, “எங்க மருமக பிளேன் செய்யிறா.” இதனால் எனக்கு வந்த தொல்லை கொஞ்சமல்ல. என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் வெல்டர். அவர் திருச்சிக்கு வருகிற விமானம் தாமதமானால் என்னிடம்தான் விளக்கம் கேட்கிறார்கள்.

போன சித்திரையில் எதிர்வீட்டுச் சரோஜா அக்கா மகனுக்கு மலேசியா பயணம். அக்கா ஒரு டப்பா முறுக்கோடு வந்து, என் மூன்று வயது மகளை மடியில் வைத்துக்கொண்டு, மெதுவாக ஆரம்பித்தார். “தேன்மொழி, நீதான் செய்யிறியாமே. எம் புள்ளைக்கு ஜன்னல் ஓரமா ஒரு சீட்டு கொஞ்சம் பெருசா வச்சு விட்டுடேன்.”

சிவப்புப் பெட்டி

அளவு தப்பிய புஷ்ஷைச் சிவப்புப் பெட்டியில் போட வேண்டும், இது விதி. பெட்டிக்கு வண்ணம் அடித்த அன்று சூப்பர்வைசர் கலியபெருமாள் அண்ணன் கொதித்துப்போனார். அவர் கறுப்புச் சட்டைக்காரர், சாமி கும்பிடாதவர். (பைக்கில் எலுமிச்சம்பழம் தொங்கும். அது அண்ணி கட்டியது.) அவருடைய அப்பாவோ செங்கொடி பிடித்தவர். இதே நிலத்தில், குத்தகைக்காரர்களை வெளியேற்றக் கூடாது என்று, எங்கள் முதலாளியின் அப்பாவை எதிர்த்து நின்றவர். “எங்கப்பா தோள்ல சுமந்த கலரு. அதுல போய்க் கழிசலைப் போடுவீங்களா?” என்றார் அண்ணன்.

சரி, வேறு வண்ணம் பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். மஞ்சள் என்றால் பெயின்டருக்குக் கோபம், அது அவர் கட்சி. பச்சை ஒருத்தருக்கு ஆகவில்லை, காவி இன்னொருத்தருக்கு. நீலம் என்றதும் லேத்துக்காரர் இருவரும் வேலையை நிறுத்திவிட்டார்கள். இந்த மாநிலத்தில் ஒரு குப்பைப் பெட்டிக்கு அடிக்க அநாதையாக ஒரு வண்ணம் இல்லை. கடைசியில் முதலாளி வந்தார். பெட்டியைத் தட்டிக்காட்டி, “களத்துமேட்டுல எங்கப்பாவை ஒரு அடி நகரவிடாம உங்கப்பா நிறுத்தி வச்சாருல்ல? அந்த வேலையத்தான்யா இந்தப் பெட்டியும் செய்யுது. பெருமையா நெனச்சுக்க,” என்றார்.

பம்புசெட்டில் ஒரு விருந்தாளி

சிவப்புப் பெட்டியில் விழுந்ததை வெளியே விடக் கூடாது. எங்காவது சுற்றி மறுபடி நல்லதோடு கலந்துவிட்டால் ஆபத்து. அதனால் சம்மட்டியால் நசுக்கிவிட வேண்டும். இது விதியில் எளிது, எங்கள் ஊரில் கஷ்டம். நல்ல எஃகை அடித்து நசுக்குவது இங்கே சோற்றை மிதிப்பது மாதிரி.

எங்களிடம் வாங்குகிற கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு ஒரு மேடம் வருவார். ஓசூர்க்காரர், பெங்களூரில் வேலை. ஒரு தடவை தணிக்கை முடிந்து பக்கத்து வயல் பம்புசெட்டில் கை கழுவப் போனவர், கால் மணி நேரமாகியும் திரும்பவில்லை. போய்ப் பார்த்தால், குனிந்து மோட்டாரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்குள் எங்கள் புஷ் ஒன்று பளபளவென்று உட்கார்ந்திருக்கிறது. வயல் கலியபெருமாள் அண்ணனுடையது. “இன்னும் ஒரே ஒரு தப்பு, அதோட இந்த ஆர்டர் உங்களுக்குக் கிடையாது,” என்றார் மேடம். எங்களுக்கு இருப்பதே அந்த ஒரு ஆர்டர்தான். முதலாளி முகம் வெளுத்துவிட்டது. அண்ணன் மட்டும் அசரவில்லை. “வானத்துக்கு ஆகாதுன்னுதானே தங்கச்சி எழுதுச்சு? என் வயலுக்கு ஆகாதுன்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க மேடம்!”

சந்தனம்

ஆயுத பூஜைக்குக் கொட்டகையை அலசிவிட்டு, நான்தான் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். லேத்து, சம்மட்டி, சிவப்புப் பெட்டி, கடைசியில் என் கேஜ். கேஜ் என்பது கைப்பிடியும் இரண்டு முனையும் உள்ள குட்டிக் கம்பி. ஒரு முனை புஷ்ஷின் துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகக் கூடாது. போகக் கூடாத முனை போய்விட்டால் துளை பெரிசு என்று அர்த்தம், அது சிவப்புப் பெட்டிக்கு.

அளக்குமுன் கேஜைத் துடைக்க வேண்டும் என்பது நான் மனப்பாடமாகச் சொல்கிற விதி. ஆனால் பூஜை கழிந்து வேலை தொடங்கிய அன்று கை வரவில்லை. சாமிக்கு வைத்த பொட்டை யாராவது துடைப்பார்களா? அதுவாக உதிரட்டும் என்று அப்படியே அளந்தேன். ஒரு லாட்டு, அதாவது ஒரு வேனில் போகிற சரக்கு, முழுக்க ஒன்றுகூட அளவு தப்பவில்லை. அம்மன் அருள் என்று பூரித்து முத்திரையைக் குத்தினேன். சுண்டல் பொட்டலத்தோடு வந்த கலியபெருமாள் அண்ணன் கேஜைப் பார்த்துவிட்டு, “இதுக்கு எதுக்கு தங்கச்சி பொட்டு? இது என்ன, மாப்பிள்ளை வீட்டுக்கா போகுது?” என்றார்.

வேன் போன பிறகு

அண்ணன் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. வேன் கிளம்பிப் போனபின் கேஜைத் துடைத்தேன். துணியில் மஞ்சளாக வந்தது. கைப்பிடியில் வைத்த சந்தனம் வழிந்து, போகக் கூடாத முனையில் மெல்லிசாகக் காய்ந்திருக்கிறது. முனை தடித்துவிட்டால் பெரிய துளைக்குள்ளும் அது போகாது. கெட்டதும் நல்லதாகிவிடும். ஒவ்வொரு லாட்டிலும் மாதிரிக்கு இரண்டை எடுத்து வைப்போம். அவற்றை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். முதலாவதில் முனை உள்ளே போகாமல் நின்றது. இரண்டாவதற்குள், போகக் கூடாத முனை சம்பந்தி வீட்டுக்கூடத்துக்குள் நுழைகிற மாதிரி தாராளமாக நுழைந்தது.

முதலாளி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். “தலைமுடில பத்துல ஒரு பங்கு வித்தியாசம் இருக்குமா? இதுக்குப் போன் பண்ணினா ஆர்டர் போயிடும்மா. கொட்டகையைப் பூட்டிட்டு நெல்லுதான் நடணும்.” எனக்கும் தெரியும். என் மகளுக்குப் பள்ளிக்கூடச் சீட்டு சொல்லி வைத்திருந்தேன், இந்தச் சம்பளத்தை நம்பி. “குத்தினது என் முத்திரை சார். நான் பேசுறேன்,” என்றேன். முதலாளி போனை என் பக்கம் தள்ளினார். “சரஸ்வதி மன்னிப்பா, பெங்களூரு மன்னிக்காது. இருந்தாலும் பேசு.”

ஒரு நிமிஷம்

மேடம்தான் எடுத்தார். லாட்டைப் பிரிக்க வேண்டாம், கேஜில் அழுக்கு இருந்தது, தப்பு என்னுடையது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். அவர் படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். என்ன அழுக்கு? சந்தனம்ங்க. சந்தனமா, அது எப்படி வந்தது? ஆயுத பூஜைங்க மேடம், நான்தான் வச்சேன். ஏன் துடைக்கவில்லை? சாமிப் பொட்டுங்க, துடைக்க மனசு வரல.

லைன் போய்விட்டது என்று நினைத்தேன். முதலாளி கண்ணை மூடிக்கொண்டார். கலியபெருமாள் அண்ணன்கூட கூரையைப் பார்த்துக் கையைக் கோத்தார், யாரை நினைத்தாரோ. அப்புறம் அந்தப் பக்கம் நாற்காலி நகர்கிற சத்தம். மேடத்தின் குரல் இறங்கியிருந்தது. “லைன்லயே இரும்மா. இங்கயும் பூஜை போட்டோம்... நான் போய் எங்க கேஜைப் பாத்துட்டு வந்துடுறேன்.”

லாட்டு திரும்பி வந்தது, ஆர்டர் திரும்பிப் போகவில்லை, படிவத்தில் இரண்டு ஊருக்கும் சேர்த்துக் காரணம் ‘சந்தனம்’ என்றே பதிவாகியிருக்கிறது. ஆகவே அடுத்த பூஜையிலிருந்து பொட்டு எனக்கு, துடைக்கிற துணி கேஜுக்கு என்று அம்மனிடம் சொல்லிவிட்டேன்.