மருந்துச் சாடியில் மிளகாய்த்தூள்: ஹனோவரிலிருந்து கெவலார் வரை

2009 ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை ஹனோவரிலிருந்து கெவலார் போய்வந்தேன். டச்சு எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் அது. மாதா கோயில் பிரசித்தம். ஆண்டுக்கொரு நாள் ஜெர்மனியின் இலங்கைத் தமிழர்கள் அங்கே திரள்வார்கள். திருநீறு பூசியவர்களும் வருவார்கள். நான் வேலைக்காக இங்கே வந்த மதுரைக்காரி, பக்தி கொஞ்சம் மட்டு. மட்டன் ரோல்ஸுக்காகத்தான் போனேன் என்றால் மாதா மன்னிக்கட்டும். இன்னொரு காரணம் சேவியர் அண்ணை.

அண்ணை எங்கள் கீழ்வீட்டுக்காரர், மன்னார் ஆள். அவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய். கால் தசைகள் கயிறு முறுக்கியது போல இறுகிவிடும். நாலு வருஷமாக மாதா ஊர்வலத்தில் அவரால் நடக்க முடியவில்லை. வேறு மருந்து எதுவும் கேட்காததால், டாக்டர் துணையோடு மத்திய அரசிடம் விண்ணப்பித்துச் சிறப்பு அனுமதி வாங்கினார். எதற்கு என்கிறீர்களா? கஞ்சாவுக்கு!

சட்டப்படிதான், ஐயா. ஆனால் கெடுபிடி பலமாக இருக்கிறது. நோயாளி யார், கவனிக்கும் டாக்டர் யார், தரும் மருந்துக்கடை எது என்று எல்லாம் அனுமதியில் இருக்கும். நெதர்லாந்தில் அரசு மேற்பார்வையில் வளர்த்த பூ, லேபிள் ஒட்டிய சாடியில் மருந்துக்கடை வழியாக அண்ணை கைக்கு வரும். பால்கனியில் ஒரே ஒரு செடி வைத்தாலும் குற்றம். இன்சூரன்ஸ் ஒரு சென்ட் தராது. அண்ணை அதைத் தேநீராகக் காய்ச்சிக் குடிக்கிறார். குடித்த நாளில் நடக்கிறார்.

அவர் மனைவி ரீட்டா அக்காவுக்குத்தான் கவலை. "சனம் அறிஞ்சா என்ன சொல்லும்? சேவியர் கஞ்சா அடிக்கிறான் எண்டெல்லோ கதைக்கும்" என்று என்னிடம் பலமுறை புலம்பியிருக்கிறார்.

வார இறுதிக் கூட்டுச் சீட்டு 37 யூரோ, ஐந்து பேர் வரை போகலாம், விரைவு ரயில் மட்டும் கிடையாது. நாங்கள் மூவர். காலை 5.20க்குக் கிளம்பி மின்டனிலும் டூசல்டோர்ஃபிலும் வண்டி மாறினோம். மொத்தம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர். வழியில் அக்கா புட்டையும் கத்தரிக்காய்க் குழம்பையும் திறந்தார். எதிரே இருந்த ஜெர்மன்காரர் ஜன்னலைத் திறந்தார், பிறகு மூடினார், பிறகு வெட்கத்தை விட்டு ஒரு வாய் கேட்டார்.

கிரேஃபெல்டுக்குச் சற்று முன்னால் இரண்டு போலீஸார் ஏறினார்கள். எல்லைக்கு அப்பால் கஞ்சா வாங்கி வருகிறவர்களைப் பிடிக்க இந்தத் தடத்தில் சோதனை சகஜம். அண்ணை தானே முந்திக்கொண்டு அனுமதியைப் பெருமையோடு நீட்டினார். போலீஸ்காரர் படித்துத் தலையாட்டி, மருந்தைக் கேட்டார். அக்கா சாடியை எடுத்துக் கொடுத்தார். லேபிள் சரி, பெயர் சரி. மூடியைத் திறந்தவர் தும்மினார் பாருங்கள், பெட்டியே திரும்பிப் பார்த்தது. உள்ளே வறுத்த மிளகாய்த்தூள்.

"என்னப்பா இது? மருந்து எங்கை?" என்றார் அண்ணை.

"மைலோ டின்னுக்குள்ளை" என்றார் அக்கா, குரலே எழும்பாமல். "சாடி கட்டாயம் வரவேணும் எண்டு மருந்துக்கடையிலை சொன்னவை. வந்திருக்குத்தானே? அங்கை சனத்துக்கு முன்னாலை அந்தப் பேரைக் காட்ட ஏலுமே?"

இறுக்கமான மூடியுள்ள சாடியை வெறுமனே தூக்கிவர மனமில்லாமல், கெவலாரில் கடை போடும் தோழிக்குத் தூள் நிரப்பியிருக்கிறார். மைலோ பானத்தூள் டின்னில் மைலோ இருக்கும் தமிழ் வீட்டை நான் இதுவரை பார்த்ததில்லை. இதை ஜெர்மன் போலீஸுக்கு எப்படி விளக்குவது? பையிலிருந்து டின்னை எடுத்துத் திறந்த அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது, அண்ணையின் பெயரில்லாத டின்னில் கஞ்சா, அவ்வளவுதான்.

கிரேஃபெல்டில் இறக்கிவிட்டார்கள். மருந்தைப் பறித்தால் இன்று ஊர்வலம் இல்லை. அனுமதியும் போய்விட்டால் நாளைக்கு நடையே இல்லை. பெஞ்சில் உட்கார்ந்த அண்ணையின் கால்கள் இறுகத் தொடங்கின. "நான்தான் கெடுத்துப்போட்டன்" என்று அக்கா அழுதார்.

போலீஸ்காரர் லேபிளில் இருந்த மருந்துக்கடைக்குப் போன் போட்டார். அனுமதியும் அளவும் சரி என்றார் மருந்துக்கடைக்காரர். பிறகு அவரே கேட்டிருக்கிறார்: "இந்தச் சாடியில் மிளகாய்த்தூள் போட்டால் தூளின் வாசம் போகாமல் இருக்குமா என்று விசாரித்தாரே, அந்த அம்மாவா?" போலீஸ்காரர் சிரித்த சிரிப்பில் தொப்பி நழுவியது. ஆனாலும் ஜெர்மனி ஜெர்மனிதான். மருந்து அங்கேயே, அப்போதே, சாடிக்குத் திரும்ப வேண்டும் என்றார்.

"தூளைக் கொட்டும்" என்றார் அண்ணை.

"நான் வறுத்து அரைச்ச தூளைக் கொட்டுறதோ?" அழுகை நின்று அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

கடைசியில் போலீஸ்காரர் தடயம் போடும் பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொடுத்தார். தூள் அதற்குள் போனது.

அடுத்த வண்டி பிடித்துக் கெவலார் சேர்ந்தபோது நண்பகல். அண்ணை வெந்நீர் வாங்கித் தேநீர் போட்டார். சாடியைத் துடைத்தும் காரம் போகவில்லை. குடித்துவிட்டு இருமித் தள்ளினார். ஆனால் பிற்பகலில் மாதாவின் சுரூபத்துக்குப் பின்னால் ஊன்றுகோலோடு நடந்தார். பாட்டுப் பாடிக்கொண்டே, கடைசி வரைக்கும்! எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, சந்தோஷத்தில். ரோல்ஸும் அருமை, ஒன்று ஒரு யூரோ.

இப்படி மருந்தோடு வருகிறவர்களுக்கு ஒன்று: எல்லை பக்கம்தானே என்று நெதர்லாந்துக்குள் நுழைந்துவிடாதீர்கள். அதற்கு டாக்டர் கையெழுத்தும் அரசு முத்திரையும் உள்ள தனிச் சான்றிதழ் வேண்டும். மற்றதை ரீட்டா அக்காவே சொல்லிவிட்டார்.

ஊர்வலம் முடிந்து மர நிழலில் இருந்தோம். "என்ன மருந்தடாப்பா எடுக்கிறாய்? ஆளே மாறிட்டாய்" என்று கேட்டார் ஊர்க்காரர் ஒருவர்.

"கஞ்சா" என்றார் அண்ணை உரக்க. "அரசாங்க அனுமதியோடை."

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிச் சூழ்ந்துகொண்டார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். அப்போது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அக்காவின் அருகே வந்து உட்கார்ந்தார். "அக்கா, என்ரை மகளுக்கும் இதே நரம்பு வருத்தம். பதினெட்டு வயசு. எங்கை போய்க் கேக்கிறது?"

அக்கா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, நாலு பேருக்குக் கேட்கும் குரலில் தொடங்கினார்:

"முதல் டொக்டரைப் பாக்க நேரம் குறிச்சு தெர்மின் எடுங்கோ. பேரைச் சொல்ல வெக்கப்படாதேங்கோ, கஞ்சா எண்டே கேளுங்கோ."