தம்பியை அடித்த நட்சத்திரம்

எனக்கென்று ஒரு நட்சத்திரம் இருப்பதே தம்பி பிறந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதன்மேல் வீட்டில் எல்லோருக்கும் கோபம்.

மலேசியாவில் ஹுத்தான் மெலிந்தாங் பக்கம், எண்ணெய்க்காகப் பயிரிட்ட ஒரு செம்பனைத் தோட்டத்து வீட்டில் இருந்தோம். அப்பா லோரி ஓட்டினார். நான் பாலர் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தேன். அடிக்கடி சளி பிடிக்கும், காது ஒழுகும். மற்றபடி ஓடியாடித் திரிந்தேன். தம்பிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிறந்த சில வாரங்களிலேயே வாயெல்லாம் வெள்ளை படிந்து, பால் குடிக்க முடியாமல் அழுதான். எடை ஏறவே இல்லை. இருமல் விடவில்லை. அவனைச் சுமந்தபோதே அம்மாவும் துரும்பாய் இளைத்துப் போயிருந்தார்.

அப்பாவின் அக்கா சித்தியவானில் இருந்தார். அந்த அத்தைதான் எங்கள் ஜாதகத்தை யாரிடமோ காட்டிவிட்டு வந்தார்.

"இவ நட்சத்திரம்தான் தம்பிய அடிக்குதுலா. ரெண்டும் ஒரே வீட்டுல இருக்கக் கூடாதாம்."

"சின்னப் புள்ள, அவ என்னா பண்ணுவா அண்ணி?" என்றார் அம்மா.

"இவ கல்லு மாதிரி நிக்கிறா, அவன் கரைஞ்சு போறான். இன்னும் என்னா சொல்லணும்?"

அப்பா தலையைக் குனிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தமக்கு எச்.ஐ.வி. இருப்பது தம்பி உண்டாவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். மனைவியையும் பிள்ளையையும் சோதனைக்கு அழைத்துவரச் சொல்லி ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அவர் அழைத்துப் போகவில்லை. மானம் போய்விடுமாம். அந்த மானத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

எனக்கும் அதே நோய்தான். பல வருடம் கழித்து ஈப்போவில் என் டாக்டர் விளக்கினார். என்னைப் பெற்றபோது அம்மா திடமாக இருந்தார். உடம்பில் கிருமி குறைவாக இருந்திருக்கும். தம்பி பிறந்தபோது அவருக்கு நோய் முற்றிவிட்டது. அவனுக்கு வயிற்றிலேயே தொற்றியிருக்கலாம். அப்படிப் பிறக்கும் குழந்தைகளைப் பெரும்பாலும் நோய் சில மாதங்களிலேயே வீழ்த்திவிடும். எனக்குப் பிறக்கும்போதோ தாய்ப்பாலிலோ தொற்றியிருக்கும்; என் போன்றவர்களிடம் மெதுவாக வரும். முன்பே தெரிந்திருந்தால் அம்மாவுக்கும் மருந்து கொடுத்திருக்கலாம், தம்பிக்கும் பிறந்த கையோடு தொடங்கியிருக்கலாம். விஷயம் இவ்வளவுதான். இதில் என் நட்சத்திரம் எங்கே வந்தது?

என்னைச் சித்தியவானுக்கு அனுப்பினார்கள். தம்பியின் தொட்டிலைக் கடக்கும்போது என் பார்வை அவன்மேல் பட்டுவிடக் கூடாதென்று நானே கண்ணைப் பொத்திக்கொண்டேன். அதைப் பார்த்து அம்மா வாய்விட்டு அழுதார். வழியில் அப்பா எனக்குத் துருவிய ஐஸில் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார். என்ன தாராளம்!

நான் போனதும் தம்பி தேறிவிடுவான் என்று காத்திருந்தேன். செத்துப்போனான் என்று செய்தி வந்தது. அடக்கத்துக்கும் என்னைக் கூட்டிப் போகவில்லை.

பிறகு அப்பா அழைத்துப்போக வந்தார். அம்மா படுக்கையில் கிடப்பதாகவும் என்னைக் கேட்டு அழுவதாகவும் சொன்னார். நான் லோரியில் ஏற மாட்டேன் என்று அத்தை வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினேன். அத்தைக்கே சங்கடமாகிவிட்டது.

"சரி, கெடக்கட்டும். அவளுக்கே வர இஷ்டம் இல்ல" என்றார் அப்பா. அன்றைக்காவது அந்த மனிதர் தன் நோயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. லோரியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் ஒவ்வொரு முறை வந்தபோதும் நான் அப்படியேதான் கத்தினேன். அம்மா சாகும்வரை வீட்டுக்குப் போகவே இல்லை. அம்மாவைக் காப்பாற்றிக்கொண்டிருப்பதாக நினைத்தேன்.