பசி போன பிறகு வந்த சோர்வு

சர்க்கரை கிளினிக்கில் ஆலோசகர் என்றால், டாக்டர் இரண்டு நிமிடத்தில் எழுதிக் கொடுத்ததை நாற்பது நிமிடம் விளக்கிவிட்டு, பிறகு வருகிற எல்லாவற்றுக்கும் திட்டு வாங்குகிறவர் என்று அர்த்தம். கிழக்குத் தாம்பரத்தில் அந்த நாற்காலியில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்தேன். நான் படித்தது உணவியல். ஆனாலும் வருகிறவர்களில் பாதிப்பேருக்கு நான் ‘சிஸ்டர்’தான்.

பசியைக் குறைக்கிற ஹார்மோன் ஊசி அப்போதுதான் நம் பக்கம் வந்த புதிது. பேனா மாதிரி இருக்கும். காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன்னால் அவரவரே குத்திக்கொள்ள வேண்டும். ஏதோ பாலைவனப் பல்லியின் எச்சிலில் கண்டுபிடித்தது என்று டாக்டர் உற்சாகமாகச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டுவிடுவார். பல்லி என்றதும் முகம் வெளிறி வருகிறவரைத் தேற்றுவது என் பாடு. சர்க்கரைக்கு மாத்திரை விழுங்குகிற உங்களுக்கு இதெல்லாம் புரியும். விழுங்காதவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாலாவது பீரியட்

ஸ்டெல்லா மிஸ் சேலையூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவர். இருபத்திரண்டு வருஷமாக அதே வகுப்பு. ஊசி ஆரம்பித்து மூன்று வாரத்தில் சர்க்கரை நன்றாக இறங்கியது, டாக்டருக்கு ஏக சந்தோஷம். மிஸ்ஸுக்கு மட்டும் சந்தோஷம் இல்லை. சாப்பாட்டு மணிக்கு முந்தின நாலாவது பீரியடில் கண் இருட்டிக்கொண்டு வருகிறதாம். ஒருநாள் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டார். இன்னொரு நாள் கரும்பலகையில் ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதிவிட, பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம்.

தலைமை ஆசிரியை அன்பாகத்தான் பேசியிருக்கிறார். இந்த மாதம் முடியும்வரை பார்ப்போம், முடியவில்லை என்றால் பத்தாம் வகுப்பை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு நீங்கள் ஆறாம் வகுப்பு எடுங்கள் என்று. நான் வழக்கம்போல, “புது மருந்து மிஸ், உடம்பு பழகணும்” என்றேன். அவர் பையை மூடிக்கொண்டு சொன்னார்: “பரீட்சைக்கு உடம்பு பழகற வரைக்கும் டைம் குடுக்க மாட்டாங்கம்மா. மாசக் கடைசில நான் இந்த ஊசிய நிறுத்திடப் போறேன்.”

இட்லியுடன் ஒரு மீட்டிங்

அவர் சொன்னது மனதில் முள்ளாகக் கிடந்தது. ஊசி போடுகிற மற்றவர்களுக்கும் இப்படி இருக்கிறதா என்று ஒவ்வொருவராகப் போன் போட்டுக் கேட்க ஆரம்பித்தேன். முதலில் கிடைத்தவர் கார்த்திக். மேடவாக்கத்தில் வீடு, நாவலூரில் ஐடி வேலை. காலை ஆறரைக்கு ஊசி குத்திக்கொண்டு ஆபீஸ் காரில் ஏறிவிடுவார். தண்ணி லாரிகளுக்கு நடுவே ஊர்ந்து ஆபீஸ் போய், பத்து மணிக்கு ஒரு காபி. பசிக்காததால் மதியம் இரண்டு பிஸ்கட். “சாயங்காலம் நாலு மணிக்கு நான் ஆஃப் ஆயிடறேன் மேடம்” என்றார்.

பசி எடுக்கவில்லை என்றாலும் மணி அடித்தால் சாப்பிட்டாக வேண்டும், உடம்பு ஓட அரிசியோ கோதுமையோ உள்ளே போகத்தான் வேண்டும் என்று காய்ச்சி எடுத்தேன். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார். குரலில் தெம்பு இருந்தது. “கம்ப்யூட்டர் காலண்டர்ல டெய்லி காலைல ஏழு மணிக்கு, கார்லயே, ‘மீட்டிங் வித் இட்லி’னு போட்டுட்டேன் மேடம். எங்க மேனேஜர் அதப் பாத்துட்டு தன்னையும் இன்வைட் பண்ணச் சொல்றார்.”

ஆஹா, பிடித்துவிட்டோம் என்று ஸ்டெல்லா மிஸ்ஸைக் கூப்பிட்டு அதே பாட்டைப் பாடினேன். அவர் மூன்று வேளையும் கடிகாரம் பார்த்துச் சாப்பிடுகிறவர். என் பாட்டு அங்கே எடுபடவில்லை.

மஞ்சள் பையில் வந்த விடை

கன்னியம்மா கோவளம் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து தாம்பரம் மார்க்கெட்டில் விற்கிறவர். அவரும் ஊசிக்காரர்தான். பதினோரு மணிக்கெல்லாம் குப்பென்று வேர்த்து, கை நடுங்குகிறது என்று வந்து நின்றார். மீன் வெட்டுகிற கை நடுங்கினால் விளையாட்டா? வாயில் போடுகிற அத்தனையும் மறுநாள் கொண்டுவரச் சொன்னேன். மஞ்சள் பையை மேஜையில் கவிழ்த்தார். ஊசிக்கு முன்னால் போட்டுக்கொண்டிருந்த பழைய மாத்திரை அட்டைகள், வவ்வால் மீன் வாசனையோடு விழுந்தன. காலையில் முழுசு, மாலையில் முழுசு, ஊசியும் கூட.

ஊசி ஆரம்பித்ததும் அந்தப் பழைய மாத்திரையைப் பாதியாகக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டும் சேர்ந்து சர்க்கரையைத் தரைக்கு இழுத்துவிடும். சீட்டில் டாக்டர் தெளிவாக எழுதியிருந்தார். “பாதின்னு எழுதியிருக்காரேம்மா” என்று சத்தம் போட்டேன். கன்னியம்மா அசரவில்லை. “எய்திக்கினு கீறாரு, சரி. எனக்குப் படிக்கத் தெரியாதுன்னு உனக்குத் தெரியும்ல? அவ்ளோ நேரம் பேசினியே, பேனாவ எப்படிப் புடிக்கணும், எங்க குத்தணும்னு. இத்த மட்டும் ஏன் சொல்லல?”

தப்பு யாருடையது

சொல்லவில்லைதான். மருந்துக்கடையில் சொல்லிவிடுவார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். வெட்கத்தில் காது சுட்டது. கன்னியம்மாவை டாக்டரிடம் அனுப்பிவிட்டு, ஸ்டெல்லா மிஸ்ஸின் பள்ளிக்குப் போன் போட்டேன். வகுப்பில் இருந்தவரை ஆபீஸுக்கு வரவழைத்தார்கள். படித்தவர், கணக்கு டீச்சர், அவராவது பாதி போட்டிருப்பார் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அவர் நிதானமாகச் சொன்னார்: “பாதின்னு பாத்தேன்மா. ஆனா வாங்கின அட்டை எட்டு மிச்சம் இருந்துது. அத முழுசா முடிச்சுட்டு, புது அட்டைலேருந்து பாதிக்கு வரலாம்னு இருந்தேன். ஒரு பாடத்த முடிக்காம அடுத்ததுக்குப் போயி எனக்குப் பழக்கமில்லை.”

ஏழெட்டு ஐம்பத்தாறு

அன்று மாலையிலிருந்தே பாதி போடச் சொன்னேன். மறுநாள் மிஸ் வீட்டிலிருந்த சர்க்கரை பார்க்கிற மெஷினைப் பள்ளிக்கு எடுத்துப் போய் நாலாவது பீரியடுக்கு முன்னால் விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை இன்னும் தரையில்தான் கிடந்தது. அவர் போனில் அதைச் சொன்னதும் நான் சர்க்கரையும் பிஸ்கட்டும் உடனே சாப்பிடச் சொன்னேன். டாக்டர் அன்றே மாத்திரையை இன்னும் குறைத்தார். என் தவறையும் அவரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் திட்டவில்லை, ஊசிக்காரர்கள் எல்லாரையும் பழைய அட்டைகளோடு வரச்சொல்லுங்கள் என்றார். கூப்பிட்டதில் இன்னும் ஐந்து பேர் மிஸ்ஸைப் போலவே பழைய அட்டையை முழுசு முழுசாகப் போட்டு முடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஐந்து பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

மாதக் கடைசி வந்தது. தலைமை ஆசிரியை நாலாவது பீரியடுக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். மணி பன்னிரண்டரையிலிருந்து கிளினிக் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றே காலுக்கு அடித்தது. ஸ்டெல்லா மிஸ் ஹலோ கூடச் சொல்லவில்லை: “பத்தாவது எனக்கேதாம்மா. இன்னைக்கும் ஒருத்தர் தூங்கினாங்க, ஆனா அது எங்க தலைமை ஆசிரியை.”

ஆலோசகர் என்று போர்டு வைத்து உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த மாதம் ஆலோசனை சொன்னவர்கள் எல்லாரும் என்னிடம் டோக்கன் போட்டு வந்தவர்கள்தான்.